யாலவா, வில்பத்துவா? சிறுத்தைப் படத்துக்கு எது சரி

இரண்டும் இலங்கையின் தேசியப் பூங்காக்கள்: யால தென்கிழக்கில், வில்பத்து வடமேற்கில். கையில் ஒரே நாள்தான், சிறுத்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் யால. இரண்டு நாளாவது ஒதுக்கலாம், படம்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் வில்பத்து.

யாலவின் முதலாம் வலயம் சுமார் 140 சதுர கி.மீ. தான். உலகிலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. ஜீப்புகளின் நெருக்கமும் அதற்குக் குறைந்ததல்ல. பாறைகள் திறந்த வெளியில் கிடப்பதால் காலையில் சிறுத்தை கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். 100-400 மி.மீ. லென்ஸ் போதும்.

கெடுப்பது கூட்டம். ஒரு சாரதி கண்டதும் கைபேசியில் செய்தி பறக்கும், 25 கி.மீ. வேக எல்லையை யாரும் மதிப்பதில்லை. இருபது ஜீப்புகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் எந்தச் சாரதியும் எஞ்சினை நிறுத்தமாட்டார். அந்த டீசல் அதிர்வில் 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தது கலங்கிப்போகும். 1/1000 க்குக் கீழே இறங்காதீர்கள். நெரிசல் தீர்வதற்குள் சிறுத்தை எழுந்து புதருக்குள் போய்விடும். யாலதான் வேண்டும் என்பவர்கள் கல்கே வாசல் வழியாக ஐந்தாம் வலயத்தைக் கேட்டுப் பாருங்கள். காட்சி குறைவு, நெரிசலும் குறைவு.

வில்பத்து 1,300 சதுர கி.மீ. க்கு மேல். வில்லு எனப்படும், மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள், அவற்றைச் சுற்றி வெண்மணல், நடுவே அடர்காடு. இங்கே சிறுத்தை பெரும்பாலும் மணல் பாதையிலேயே நடந்து வரும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் நேரே ஜீப்பை நோக்கி வருவதும் உண்டு. ஆனால் மர நிழலில் காலை எட்டு மணிக்கும் வெளிச்சம் போதாது: f/5.6, ISO 3200, 1/320 என்று தொடங்குங்கள். பின்னணி இருட்டாக இருப்பதால் கமெரா படத்தை வெளுக்க வைக்கும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை (exposure compensation) −0.7 இல் வையுங்கள். வில்லுக் கரைக்கு வந்ததும் வெண்மணல் இதற்கு நேரெதிராக ஏமாற்றும், +0.7 வேண்டும். மாற்ற மறப்பதில்தான் பாதிப் படம் போகும். பத்து மணிக்குப் பிறகு வில்லுக்கு அக்கரையில் நிற்கும் விலங்கைக் கானல் அலைக்கழிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த 600 மி.மீ. லென்ஸும் அதற்கு மருந்தல்ல.

ஜீப்பில் முக்காலி வீண். வெறும் துணிப்பையைக் கொண்டுபோய், புத்தளத்திலோ திஸ்ஸமகாராமவிலோ இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜீப்பின் கம்பியில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

பருவம்: மே முதல் செப்டெம்பர் வரை நீர் வற்ற, வில்லுகளில் விலங்குகள் கூடும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுத்தால் இரண்டு காடுகளிலும் கரடிக்கு நல்ல காலம். யாலவின் முதலாம் வலயத்தை வறட்சியில் வழமையாகச் செப்டெம்பரில் மூடுவார்கள். திகதியை உறுதிசெய்த பின்பே அறை பதியுங்கள்.

காட்டுக்கு நன்மை செய்ய நினைத்தால் முதலில் சாரதியிடம் பேசுங்கள். கைபேசி அழைப்பைத் துரத்த வேண்டாம், சிறுத்தை வராவிட்டாலும் சந்தோஷப் பணம் குறையாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுத்தை காட்டியவருக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கும் பழக்கம்தான் அந்த ஓட்டத்துக்கே எண்ணெய். படம் எடுக்கும்போது முகத்தோடு இரண்டு பக்க விலாவையும் எடுங்கள்: மீசைக்கு மேலுள்ள புள்ளிகளும் விலாப் புள்ளிகளும் ஒவ்வொரு சிறுத்தைக்கும் வேறு, சிறுத்தைகளை அடையாளம் கண்டு கணக்கெடுக்கும் ஆய்வாளர்களுக்கு அதுதான் தேவை. திகதியோடு அவர்களுக்கு அனுப்புங்கள். முகநூலில் போடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், குட்டிகள் இருந்தால் கட்டாயமாக.