நின்றால் உதறும், ஓடினால் வெண்ணெய்: என் பழைய பெட்ரோல் வண்டி

மச்சான் ஆற்காட்டிலிருந்து போன் செய்தான். "மாமா, உங்க வண்டி மாதிரியே ஒண்ணு ராணிப்பேட்டையில விலைக்கு வருது. அதே வருஷம், அதே எஞ்சின். எடுக்கலாமா?" அன்றுதான் வண்டி பட்டறையிலிருந்து வந்திருந்தது. எட்டு மாதக் கடுப்பு தொண்டை வரை நின்றது. போனில் சொன்னால் தீராது, எழுதியே விடுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை. போட்டால் உதறலை விட்டுவிட்டுக் கம்பெனிக்காகச் சண்டை நடக்கும். 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், ஒன்பது வருடம், 84,000 கிலோமீட்டர். அது போதும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ஐந்து பேரோடு, ஏசி போட்டுக்கொண்டு, முனகாமல் ஏறும். பள்ளிகொண்டா டோல் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் விட்டால் லிட்டருக்கு 17 கொடுத்தது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் உள்ளே குளிர்ந்துவிடும். வேலூர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நின்றால் உதறும்.

காட்பாடியிலிருந்து தினமும் சத்துவாச்சாரிக்குப் போகிறவன் நான். கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்காமல் வேலை நடக்காது. பிரேக்கில் கால் வைத்து நின்றதும் கண்ணாடியில் பின்னால் இருக்கும் லாரி இரண்டு லாரியாகத் தெரியும். ஃபாஸ்டேக் வந்த பிறகு சும்மா கிடக்கும் சில்லறை, குழிக்குள் ஜிர்ர் என்று தேனீ போலக் கத்தும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும், 750-இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 600-க்கும் 850-க்கும் நடுவே ஊசலாடும். ஏசி போட்டால் கம்ப்ரஸர் சுமையும் சேர்ந்து, ஸ்டியரிங் கையில் துடிக்கும். அம்மாவை சிஎம்சிக்குச் செக்கப்புக்குக் கூட்டிப்போன அன்று அவள் சொன்னது: "இது இன்னாடா, மாவு மில்லுல உக்காந்தா மாதிரி கீது."

சர்வீஸ் சென்டரில் முதலில் பிளக் நாலையும் மாற்றி, எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள். 3,900 ரூபாய். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை "பெட்ரோல் சரியில்ல சார், பங்க் மாத்திப் பாருங்க" என்றார்கள். மாற்றினேன். மூன்றாம் தடவை எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் மூன்றும் போயிற்று என்று 11,400 வாங்கினார்கள். உதறல் பாதியாகக் குறைந்தது. முள் மட்டும் அதே ஊசலாட்டம். "எஞ்சின் லைட் எரியலயே சார், அப்ப ஃபால்ட் இல்ல" என்று அனுப்பிவிட்டார்கள். மைலேஜ் 13-க்கு இறங்கியிருந்தது. அது யார் கணக்கில்?

அப்புறம் சத்துவாச்சாரி சந்து ஒன்றில் இருக்கும் பாய் பட்டறைக்குப் போனேன். "இன்னா சார், குளிர் ஜுரம் வந்தா மாதிரி உதறுது?" என்றவர் பானட்டைத் திறக்கவேயில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே திரை கீறிய ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகி, ஃப்யூயல் ட்ரிம் என்ற எண்ணைக் காட்டினார். எஞ்சின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் சும்மா ஓடும்போது, பிளஸ் 22. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். 2,500 ஆர்பிஎம்மில் அது 4-க்கு இறங்கியது. "எங்கயோ காத்து இழுக்குது சார்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் இருக்கும் சென்சார், உள்ளே போகும் காற்றை அளந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது, அதற்கேற்ப பெட்ரோல். அந்தச் சென்சாருக்குப் பின்னால் ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று நுழையும். ஐட்லிங்கில் எஞ்சினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்; அதில் திருட்டுக் காற்று கலந்தால் நெருப்பு சரியாகப் பிடிக்காமல் மிஸ்ஸிங் அடிக்கும். வேகமாக ஓடும்போது உள்ளே போகும் காற்று ஏராளம் என்பதால் இந்தக் கொஞ்சம் தெரியாது. ஓடினால் வெண்ணெயாக இருந்த ரகசியம் இதுதான்.

எஞ்சினுக்குப் பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில், எஞ்சின் தலையில் இருக்கும் வால்வ் மூடியிலிருந்து, காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்கு விரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் போகிறது. பாய் குறடின் மூக்கில் கந்தல் துணியைச் சுற்றிக் கையை உள்ளே விட்டு, அந்த ஹோஸை இன்டேக் பக்கமாக அழுத்திப் பிடித்தார். உதறல் நின்றது. விட்டார், உதறியது. மறுபடி பிடித்தார், நின்றது. எட்டு மாத வியாதி குறடு முனையில்! கழற்றி வளைத்துக் காட்டினார்: மேலே பார்த்தால் பளபளப்பு, அடிப்பக்கம் ஒரு அங்குல நீளத்துக்கு, பாலாறு காய்ந்த சேறு மாதிரி வெடிப்பு. ஹோஸ் 260, கூலி 500.

நியாயமாகப் பேசினால் பிளக் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பழைய மவுண்டைக் கையில் கொடுத்தார்கள், ரப்பர் பிளந்துதான் இருந்தது. ஆனால் 15,300 ரூபாய் வாங்கியவர்களில் ஒருவரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லையே! கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

நேற்று கிரீன் சர்க்கிளில் நின்றபோது சத்தமே இல்லை. ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் க்ரீச் என்று அலற, பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். முள் 750-இல் ஆணி அடித்தது போல நின்றுகொண்டிருந்தது.

மச்சானுக்கு: வேண்டாம்டா. அந்த ஹோஸை அங்கே கொண்டுபோய் வைத்தவன் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறானோ. அப்படியும் பார்க்கப் போனால் ஏசியும் ஹெட்லைட்டும் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்திப் பார். ஸ்கேனரோடு பாயையும் கூட்டிப்போ. இல்லையென்றால் உங்க வண்டியைக் கொடுங்க மாமா என்று மட்டும் கேட்காதே. தரமாட்டேன்.