ஜெர்மன் வகுப்பில் டி.டபிள்யூ.டி.எஸ். அகராதி: ஏழு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிப்பவர்கள் அனைவரும் அறிந்த ஒரு பிழை உண்டு. இலக்கணம் சரியாக இருக்கும், ஒவ்வொரு சொல்லின் பொருளும் சரியாக இருக்கும். ஆயினும் ஜெர்மானியர் எவரும் அப்படி எழுதமாட்டார். 'முடிவு' என்னும் பொருள்படும் 'என்ட்ஷைடுங்' என்ற பெயரோடு, 'செய்' என்னும் பொருளுடைய 'மாஹென்' வினையை என் மாணவர்கள் ஆண்டுதோறும் சேர்த்தெழுதுவார்கள். அங்கே வரவேண்டியது 'சந்தித்தல்' என்றும் பொருள்படும் 'ட்ரெஃபென்' வினை. சிவப்பு மையால் திருத்தித் திருத்தி அலுத்த பிறகுதான், பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கும் டி.டபிள்யூ.டி.எஸ். என்ற இந்த ஜெர்மன் மொழி அகராதியை வகுப்பிற்குள் கொண்டுவந்தேன்.

சொல்லின் பால், பன்மை வடிவம், ஒலிப்பு ஆகியவை இதில் கிடைக்கின்றன. அவை பிற அகராதிகளிலும் உண்டு. என்னை இதனுடன் கட்டிப்போட்டது 'வோர்ட்ப்ரோஃபீல்' என்ற பகுதி. ஒரு பெயர்ச்சொல்லைத் தேடினால், அது எந்த வினைகளுக்குச் செயப்படுபொருளாக வருகிறது, எந்த அடைமொழிகளை ஏற்கிறது என்பதைப் பெரும் உரைத்தொகுப்புகளிலிருந்து திரட்டிக் காட்டுகிறது. 'என்ட்ஷைடுங்' என்று தேடிய மாணவர்கள் 'ட்ரெஃபென்' வினையோடு 'ஃபெல்லென்' என்பதையும் கண்டார்கள். மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கும் அதே வினைதான் என்பதை அவர்களே கண்டறிந்து வியந்தபோது, நான் ஒரு சொல்லும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கவனத்தைத் தமிழில் 'செலுத்துகிறோம்' என்பதைப் போலவே, ஜெர்மனில் கேள்வியை 'நிற்க வைக்கிறார்கள்', விமர்சனத்தைப் 'பயிற்சி செய்கிறார்கள்' என்று அதன்பின் சொன்னால் எளிதில் மனத்தில் பதிகிறது.

தொடக்கத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஏ1 எனப்படும் தொடக்க நிலை மாணவர்களிடமே இதைக் கொடுத்துவிட்டேன். விளக்கங்கள் முழுவதும் ஜெர்மனிலேயே இருப்பதால் அவர்கள் திணறினார்கள்; ஓரிருவர் மொழியே தமக்கு வராது என்று அஞ்சியது இன்றும் என்னை உறுத்துகிறது. இப்போது அந்த நிலையில், கோதே நிறுவனத்தின் ஜெர்மன் மொழிச் சான்றிதழ்த் தேர்வுக்கான ஏ1, ஏ2, பி1 சொற்பட்டியல்களை மட்டும் இதிலிருந்து எடுத்துத் தருகிறேன். சொற்சேர்க்கைத் தேடல் பி1 எனப்படும் இடைநிலையில்தான் தொடங்குகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல பதிவுகளுக்கு அடிப்படை, 1961 முதல் 1977 வரை கிழக்கு ஜெர்மனியில் 6 தொகுதிகளாக வெளியான அகராதி. புதுப்பிக்கப்படாத பதிவுகளின் எடுத்துக்காட்டுகளில் அக்காலத்தின் வாடை வீசுகிறது. அதைவிடப் பெரிய குறை, உரைத்தொகுப்புகளில் நாளிதழ் நடை மிகுந்திருப்பதுதான். இதில் கண்ட சேர்க்கைகளை அப்படியே நண்பரிடம் பேசும் உரையாடலில் ஒரு மாணவி பயன்படுத்தியபோது, அது தலையங்கம் வாசிப்பதுபோல் ஒலித்தது. அதனால் கட்டுரைப் பயிற்சிக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். பேச்சுப் பயிற்சிக்கு நேர்காணல் ஒலிப்பதிவுகளையே நாடுகிறேன்.