ஒரு வீடு, ஏழு நாள், ஒரு கார்: பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் ‘ஜீத் து பிரான்ஸ்’

திருகோணமலையிலிருந்து பிரான்ஸ் போகிற குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் பாரிசில் உறவினர் வீடு, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெரு, லூர்து மாதா திருத்தலம் என்ற மூன்றுக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு மூன்று கிழமை கையில் இருந்து, ஓட்டத் தெரிந்தவர் ஒருவரும் இருந்தால், நாட்டுப்புறத்தை விட்டுவிடக் கூடாது. அதற்குப் பொருத்தமான தங்குமிடம் ஹோட்டல் அல்ல, ‘ஜீத்’. குசினியோடு கூடிய முழு வீட்டை ஒரு கிழமைக்கு வாடகைக்குத் தருவதுதான் ஜீத். இப்படியான வீடுகளைப் பார்வையிட்டுத் தரம் போட்டுப் பதிவுசெய்து தரும் பழைய அமைப்பு ‘ஜீத் து பிரான்ஸ்’. 1955இல் தொடங்கியது. ஊர்கள் வெறிச்சோடிப் போகாமல் இருக்கவும், விவசாயிகளின் பழைய வீடுகள் இடிந்து விழாமல் அவர்களுக்கு ஒரு வருமானம் வரவும் உருவான ஏற்பாடு இது. அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை. அநேகமான வீடுகளில் சொந்தக்காரரே அடுத்த வளவில் இருப்பார்.

நான்கு முதல் எட்டுப் பேர் வரையுள்ள குடும்பத்துக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் சொல்லலாம். இரண்டு இரவு தங்கிவிட்டு அடுத்த ஊர் போகிறவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் காலை உணவோடு அறை தருகிற ‘ஷாம்ப்ர் தோத்’ வீடுகளைப் பார்ப்பதே நல்லது.

தரத்தைக் கோதுமைக் கதிரால் காட்டுவார்கள், ஒன்று முதல் ஐந்து வரை. பலர் பிழையாக விளங்கிக்கொள்வது இதைத்தான். கதிர் எண்ணிக்கை முக்கியமாகச் சொல்வது வசதியையும் தளபாடத்தையும்தான். வீடு அமைதியான இடத்தில் இருக்கிறதா, முன்னால் பிரதான வீதி போகிறதா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு கதிர் வீடு ஆற்றோரத்தில் அருமையாக இருக்கலாம். கிழமைக்கணக்கில் தங்கும்போது சலவை மெஷின் கட்டாயம் என்பதால், கதிரைப் பார்த்து முடிவெடுக்காமல் வீட்டுப் பொருள் விபரத்தை வரி வரியாக வாசியுங்கள்.

அதே விபரத்தில் அடுப்பு என்னவென்றும் பாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பென்றால் நம் அலுமினியப் புட்டுப்பானையும் மண்சட்டியும் சூடேறவே மாட்டா. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். காஸ் அடுப்பென்றால் கவலையில்லை. மின்சாரம் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட், ஆகவே சோறு குக்கரைக் கொண்டுபோகலாம், பிளக்குக்கு அடாப்டர் போதும். ஆனால் பழைய வீடுகளில் இணைப்பின் அளவு குறைவு. அவண், கேத்தில், குக்கர், சலவை மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் பிரதான சுவிட்ச் விழுந்துவிடும். அது எங்கே இருக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

சாமானில் ஒரு எச்சரிக்கை. பால்மா, நெய், இறைச்சி ஆகியவற்றை இலங்கையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், அதை லாச்சப்பலில் வாங்குவதே சுகம். மீன் பொருட்களுக்குச் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. எனவே மாசியும் கருவாடும் பெட்டியில் போகலாம். தேங்காய்த் துருவல் அங்குள்ள சுப்பர்மார்க்கெட்டில் கேக் சாமான் வரிசையில் கிடைக்கும். உலர்ந்தது என்பதால் சம்பலுக்கு வெந்நீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட்டில் வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கி அடுத்த சனிக்கிழமை முடியும். பின்னேரம் நான்கு மணியளவில் சாவி, கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியேற வேண்டும். இந்த ஒழுங்கால் வருகிற சிக்கல்கள் பல. நாடு முழுக்க அதே சனிக்கிழமை வீடு மாறுவதால் நெடுஞ்சாலை திணறும். ‘பிசோன் ஃபுத்தே’ என்ற அரச போக்குவரத்துச் சேவை ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டு முன்கூட்டியே வெளியிடும். கறுப்பு நாளென்றால் வெள்ளிக்கிழமையே புறப்பட்டுப் பாதி வழியில் ஒரு இரவு தங்குங்கள். அடுத்த பிரச்சினை சாப்பாடு. சனி பின்னேரம் வந்து களைத்துப் படுத்துவிட்டால், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு அநேகமான ஊர்க்கடைகள் திறந்திருக்காது, சில கடைகள் திங்களும் பூட்டு. சாவி வாங்குமுன் முதல் இரண்டு நாளுக்கான சாமானைக் காரில் ஏற்றிவிடுங்கள். ஜூன், செப்டம்பரில் இந்த நெரிசல் இல்லை, வாடகையும் இறங்கும், வீதியும் வெறுமை. பள்ளி விடுமுறை கட்டாயப்படுத்தாவிட்டால் செப்டம்பர்தான்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது ஆள் எண்ணிக்கையில். ஒப்பந்தத்தில் ஆறு பேர் என்றால் கைக்குழந்தையோடு சேர்த்து ஆறு. பாரிசிலிருந்து சித்தப்பா குடும்பம் இரண்டு நாள் வந்து பாய் விரித்துப் படுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மேலதிக ஆட்களை ஏற்க மறுக்கும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு. வருகிறவர்களையும் சேர்த்தே பெரிய வீடாக எடுங்கள். படுக்கை விரிப்பு, துவாய், கடைசி நாள் துப்புரவு, உள்ளூர் தங்கல் வரி எல்லாம் பெரும்பாலும் வாடகைக்கு வெளியே. குளிர்காலத்தில் சூடாக்கும் செலவும் தனியாக வரலாம்.

விசாவுக்கு முன் முழுப்பணத்தைக் கட்டாதீர்கள். பதிவின்போது ஒரு பங்கு முன்பணம், மிச்சம் வருகைக்குச் சில கிழமை முன்பு என்பது வழமை. ரத்துக் காப்புறுதி எடுத்தால், விசா மறுப்பு அதற்குள் அடங்குகிறதா என்று வாசித்த பிறகே எடுங்கள். பதிவு உறுதிப்பத்திரம் விசாவுக்குத் தங்குமிடச் சான்றாகும். உறவினர் வீட்டில் தங்கும் நாட்களுக்கு அவர் தன் நகரசபையில் தனிப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும். விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

காருக்கு வருவோம். கொழும்பில் ஒட்டோமொபைல் அசோசியேஷன் தருகிற சர்வதேச அனுமதிப்பத்திரம், அதோடு நம் அசல் லைசென்ஸ், இரண்டும் கையில் வேண்டும். பிணைப்பணம் பிடிக்க ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் கேட்பார்கள். அண்ணனின் கார்ட் செல்லாது. நமக்கு இடப்பக்கம் பழக்கம், அங்கே வலப்பக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆபத்துக் குறைவு, முன்னால் போகிற வாகனம் வழிகாட்டும். பிசகுவது காலையில் வெறும் வீதியில் ஏறும்போதும், எண்ணெய் செட்டிலிருந்து வெளியே வரும்போதும். ஸ்டியறிங் இடப்பக்கம் என்பதால் வண்டியின் வலப்பக்க அகலம் முதலில் பிடிபடாது. ஒடுங்கிய கிராமத்தில் வலப்பக்க ரயரும் ரிம்மும் கல்மதிலில் உரசும், சாதாரண காப்புறுதியில் அவை அடங்காமல் இருப்பது வழக்கம்.

கிராமச் சந்தியில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கம் வருகிறவருக்கே முன்னுரிமை, அது சின்ன ஒழுங்கையாக இருந்தாலும். மஞ்சள் சாய்சதுரப் பலகை கண்டால் முன்னுரிமை உங்களுக்கு, குறுக்குக் கோடு விழுந்தால் அது முடிந்தது. சிவப்பு விளிம்போடு ஊர்ப் பெயர்ப்பலகை வந்த இடத்திலிருந்து வேகம் 50, எண் எழுதியிருக்காது. நடுத்தடுப்பில்லாத வீதியில் பொதுவாக 80, நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. எண்ணெய் செட்டில் ‘கஸோல்’ என்று எழுதியிருப்பது பெற்றோல் அல்ல, டீசல். பெயர் குழப்பினால் அடையாளத்தைப் பாருங்கள், வட்டம் பெற்றோல், சதுரம் டீசல்.

முதல் தடவை போகிறவர்களுக்குப் பொருத்தமானது தென்மேற்கு பிரான்சின் தோர்தோன் பள்ளத்தாக்கு, சார்லா நகரைச் சுற்றிய இடம். பாரிசிலிருந்து ஏறக்குறைய 530 கிலோமீற்றர். வியர்சோனில் பிடிக்கும் ஏ20 நெடுஞ்சாலை லிமோஜ், பிறீவ் வரை கட்டணமில்லாதது. உள்வீதிகளில் மணிக்கு 50, 60 கிலோமீற்றர்தான் சராசரி என்று கணக்கிடுங்கள். திருகோணமலையிலிருந்து ஹபரணை போகிற தூரம்தான் நாள்ப்பயணத்துக்கு எல்லை, அதற்கு மேல் போனால் பின்னேரம் வீட்டு முற்றத்தில் இருக்க நேரம் கிடைக்காது. இந்த எல்லைக்குள்ளேயே ஆதிமனிதர் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களின் முழுப் பிரதி இருக்கிறது (மூலக் குகை 1963இல் மூடப்பட்டது). சார்லாவில் புதனும் சனியும் காலைச் சந்தை. ரொக்கமதூரில் செங்குத்துப் பாறையில் ஒட்டிய மாதா ஆலயம், ஏற 216 படி. பாறை விளிம்பில் கோயிலைப் பார்த்து வளர்ந்த கோணேசர் ஊராருக்கு அந்த இடம் மனதில் நிற்கும். லூர்து அங்கிருந்து ஒரே நாளில் போய்வரும் தூரமல்ல, இரண்டாம் கிழமைக்கு அந்தப் பக்கம் வேறு வீடு எடுங்கள். ஆகஸ்ட் 15 அங்கும் மடுத் திருவிழா நாள் மாதிரி கூட்டம், வீடுகள் நேரத்தோடு நிரம்பிவிடும்.

வீட்டைத் தேடிப் போகும்போது ஜிபிஎஸ் ஏமாற்றும். ஒரே பெயரில் பல ஊர்கள், குக்கிராமத்தில் வீட்டு இலக்கமே இல்லாத முகவரிகள். தபால் குறியீட்டின் முதல் இரண்டு எண் மாவட்டம், தோர்தோன் 24. சொந்தக்காரரிடம் அமைவிடப் புள்ளியைக் கேட்டு வாங்கி, வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவிடுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் போகும்.

உள்ளே போனதும் முதல் வேலை பொருட்பட்டியலோடு வீட்டைச் சரிபார்ப்பது. உடைந்த கோப்பை, கறை பிடித்த மெத்தை எல்லாவற்றையும் அன்றைக்கே படம் எடுத்துச் சொந்தக்காரருக்குக் காட்டுங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், இவ்வீடுகள் பலவற்றில் மலக்குழிதான், அடைத்தால் பிணைப்பணத்தில் கழியும். மஞ்சள் கறை வெள்ளைக் கல்மேசையில் ஊறினால் போகாது. கறி சமைக்கிற நாட்களில் மேசையில் ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள்.