ஐந்து வெள்ளியும் ஐந்து ரிங்கிட்டும்: ஷட்டில் தெப்ராவ் ரயில்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயிலில் இருக்கையைத் தேடி உட்கார்ந்து, பையை இறக்கி வைப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. பயணம் ஐந்தே நிமிடம். கடற்பாலத்தில் பேருந்திலும் காரிலும் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு, 2015 ஜூலையில் தொடங்கிய இந்தச் சேவையைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படுவோருக்கு இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடுவதால், மறுகரையில் இறங்கியதும் நேராக வெளியே நடக்கலாம். டீசல் எஞ்சின் இழுக்கும் பெட்டிகளில் சொகுசு எதுவும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு அது ஒரு குறையும் இல்லை.

விசேஷம் கட்டணத்தில்தான் இருக்கிறது. இங்கிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். எண் ஒன்றே, ஆனால் போகும் பயணம் வரும் பயணத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் விலை. இரண்டு நாணயத்தையும் என் அம்மா இன்றும் ‘வெள்ளி’ என்றே சொல்வார், ஏனெனில் 1973 மே மாதம் வரை அவை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கைமாறியதை அவர் பார்த்திருக்கிறார். இன்று தலைக்குரிய உள்நாட்டு உற்பத்தியில் சிங்கப்பூர் மலேசியாவைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு.

இந்த இடைவெளிக்கு ரயிலில் அடிக்கடி காதில் விழும் விளக்கம், “அந்தப் பக்கம் உழைப்பு போதாது” என்பது. விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்காக எல்லை தாண்டி வரும் ஜொகூர்க்காரர்களைப் பார்த்த பிறகும் இப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். என் அக்கா குடும்பம் அந்தக் கரையில், நாங்கள் இந்தக் கரையில். இரத்தத்தில் வேறுபாடு தேடினால் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் தேடிப் பார்க்கலாம்.

சென்ற மாதம் அக்கா வீட்டு மேசையில் அவர் மகனும் என் மகளும் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அவன் ‘தொகுதி, பகுதி’ என்று சொல்லிச் சொல்லி விடையை முடித்துவிட்டான். இவள் கட்டங்களைப் பட்டை பட்டையாக வரைந்து, ‘டினாமினேட்டர்’ என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்து, அதே விடைக்குச் சற்றுத் தாமதமாக வந்தாள். ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது அவன் மலாய்க்கு மாற வேண்டும். அவனுக்கு முந்திய தலைமுறைக்கு இதைவிடக் குழப்பம்: மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் கணிதமும் அறிவியலும் 2003-இல் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, 2012 முதல் படிப்படியாகப் பழையபடி திருப்பப்பட்டன. சிங்கப்பூரோ ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கி அதிலேயே நின்றது. ஆசிரியர்களைத் தேசியக் கல்விக் கழகம் என்ற ஒரே இடத்தில் பயிற்றுவித்தது. அதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்: உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது.

பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா தேர்வில், 2022-இல் கணிதத்தில் சிங்கப்பூர் 575, மலேசியா 409. வாசிப்பில் 543, 388. எனினும் ஒரு நகரத்தை, சபா, சரவாக் காட்டுப்புறங்கள் வரை விரிந்த ஒரு நாட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறந்துவிட்டு இந்த எண்களை வாசிக்கக் கூடாது. 1965-இல் இருவரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கினார்கள் என்பதும் கட்டுக்கதை. அந்த ஆண்டு மலேசியாவிலிருந்து பிரிந்தபோதே சிங்கப்பூர் பெரிய துறைமுகம், மலேசியச் சராசரியைவிட வசதியான ஊர். தண்ணீர்தான் இல்லை. 1962 ஒப்பந்தப்படி ஆயிரம் கேலனுக்கு 3 காசு கொடுத்து ஜொகூரிலிருந்து வாங்கும் நீர், கடற்பாலத்தின் ஓரமாக நீளும் குழாய்களில் இன்றும் வருகிறது.

நீரைப் போலவே ஆட்களும் வருகிறார்கள். உலக வங்கி 2011-இல் வெளியிட்ட அறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர்களை ஏறத்தாழ 1 மில்லியன் என்று மதிப்பிட்டு, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருப்பதாகக் கூறியது. அங்கே அரசாங்கச் செலவில் படித்த தாதியும் பொறியாளரும் இங்கே மூன்று மடங்கு மதிப்புள்ள நாணயத்தில் சம்பளம் வாங்கும்வரை, இடைவெளி தன்னைத் தானே வளர்த்துக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. என் அத்தானும் அப்படித்தான் வேலைக்கு வந்துபோகிறார். சம்பளத்தில் பாதியைச் சிங்கப்பூர்க் கணக்கிலேயே விட்டுவைக்கிறார்.

இரு கரைகளையும் இணைக்கும் புதிய ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கி ஆறு மாதங்களுக்குள் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்பட வேண்டும் என்பது இரு நாட்டு உடன்பாடு. அதுவரை, வார இறுதியில் போக நினைப்பவர்கள் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் செயலியில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். திரும்பும் சீட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள், மலிவான சீட்டு அதுதான்.