கோடையின் கடைசி இரவு: ஸ்டார்டியூ வேலியின் திருவிழாக்கள்

எரிக் பரோன் தனியாளாக நான்கு ஆண்டுகளுக்கும் மேல் உழைத்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற, பண்ணை நடத்தும் கணினி விளையாட்டைப் பாராட்டுபவர்கள் பெரும்பாலும் அதன் வயலையும் கால்நடைகளையும்தான் பாராட்டுகிறார்கள். என் மனத்தில் தங்கியதோ, பியர் நடத்தும் மளிகைக் கடையின் வாசலில் மாட்டியிருக்கும் நாட்காட்டி. பருவத்துக்கு 28 நாள் வீதம் நான்கு பருவங்கள், 112 நாட்களில் ஓர் ஆண்டு. பெலிகன் டவுன் என்ற அந்தக் கற்பனை ஊரில் ஊரே கூடும் எட்டுப் பெருவிழாக்கள் இந்த 112 நாட்களுக்குள் தேதி பிசகாமல் வருகின்றன. மந்திரவாதியும் வன ஆவிகளும் அக்கம்பக்கத்தார்போல் வாழும் ஓர் ஊருக்கு இப்படியொரு விழா மரபு தலைமுறைகளாக இருந்திருக்கும் என்று நம்பவைத்தது சிறிய சாதனையன்று.

பகல் விழா ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. விழாத் திடலுக்குள் நுழைந்ததும் கடிகாரம் நின்றுவிடும். முடிந்து வெளியே வந்தால் மணி இரவு 10, நாம் நம் பண்ணையில் நிற்போம். நீர் பாய்ச்சுவதையும் மற்ற வேலைகளையும் காலையிலேயே முடித்திராதவருக்கு அந்தப் பகல் போயிற்று. ஆகவே, ஒரு பகலைக் கொடுத்து நாம் பெறுவது என்ன என்ற கேள்வியை வைத்தே இவ்விழாக்களை எடைபோட்டேன்.

வசந்தம் 13இல் வரும் முட்டை விழா கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு உரியது. ஒளித்துவைத்த முட்டைகளைத் தேடும் போட்டி குழந்தைகளுக்கானது போலத் தோன்றினாலும், விழாவின் உண்மையான வரவு பியர் அங்கே 100 காசுக்கு விற்கும் ஸ்ட்ராபெரி விதைதான். நட்ட எட்டாம் நாள் காய்த்து, பிறகு நான்கு நாட்களுக்கு ஒருமுறை காய்க்கும் செடி அது. அன்றிரவே நட்டால் பருவம் முடிவதற்குள் இரண்டே அறுவடைகள். பெட்டியில் பத்திரப்படுத்தி அடுத்த வசந்தத்தின் முதல் நாளில் நட்டால் ஐந்து. நான் முதல் ஆண்டு பொறுமை இழந்து அத்தனையையும் அன்றிரவே நட்டவன்.

வசந்தம் 24இன் மலர் நடனத்தில் புதியவருக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் வேலைதான், ஏனெனில் இதயக் குறிகளால் அளக்கப்படும் நட்பு நான்கு இதயங்களை எட்டாமல் யாரும் உடன் ஆட வரமாட்டார்கள். இதைக் குறை என்று சொல்வோர் உண்டு. ஊருக்கு வந்து 24 நாள் ஆனவனிடம் ஊர் இப்படித்தானே நடந்துகொள்ளும் என்பது என் கட்சி.

கோடை 11இல் கடற்கரையில் நடக்கும் லுவாவ் விருந்து இன்னும் நுட்பமானது. ஊரார் ஆளுக்கொன்று போடும் பொதுச் சூப்பை ஆளுநர் சுவைத்துப் பார்க்கிறார். நாம் போட்ட பொருள் தரமானதாக இருந்தால் ஊரார் அனைவரிடமும் நம் மதிப்பு ஒருசேர உயர்கிறது, மட்டமானதாக இருந்தால் ஒருசேரச் சரிகிறது. இலையுதிர்காலம் 16இன் சந்தையில் இத்தகைய உயிர்ப்பு இல்லை. டோக்கனைப் பந்தயம் கட்டும் சுழல் சக்கரத்தில் பச்சை விழும் வாய்ப்பு 75 விழுக்காடு என்று தெரிந்துவிட்ட பிறகு, 2,000 டோக்கன் சேர்த்து, நம் ஆற்றலின் உச்ச அளவை நிரந்தரமாகக் கூட்டும் ஸ்டார்டிராப் கனியை வாங்குவது வெறும் காத்திருப்பாகிவிடுகிறது.

போட்டியோ பரிசோ இல்லாத விழாவைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். கோடை 28, இரவு 10 மணிக்குமேல், ஊரார் அனைவரும் படகுத்துறையில் கூடுகிறார்கள். ஊர்த்தலைவர் லூயிஸ் மெழுகுவத்தி ஏற்றிய சிறு படகொன்றைக் கடலில் விடுகிறார். அதன் ஒளியைத் தேடி இருட்டிலிருந்து ஒளிரும் ஜெல்லி மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்து வருகின்றன; சில ஆண்டுகளில் அவற்றினூடே அபூர்வமான பச்சை நிற ஜெல்லி ஒன்றும் தென்படும். எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டு நின்றால் போதும். விடிந்தால் இலையுதிர்காலம், கோடைப் பயிர்களில் பெரும்பாலானவை ஒரே இரவில் பட்டுப்போயிருக்கும். அந்த அறிவோடு கரையில் நிற்கும்போது விழாவின் கனம் கூடுகிறது. பகலைக் கேட்காத, உழைப்புக்கு இடையூறாக வராத விழாவும்கூட இது.

ஆண்டுகள் செல்லச் செல்ல அதே அலங்காரம், அதே பேச்சு என்ற சலிப்பு முன்பு நியாயமானதாகவே இருந்தது. 2024 மார்ச்சில் வந்த 1.6 பதிப்பு, ஓராண்டு விட்டு ஓராண்டு விழாத்திடலின் அமைப்பையும் உரையாடலையும் மாற்றி அதைப் பெருமளவு தீர்த்துவிட்டது. மூன்று நாள் பாலைவன விழாவும் அதனுடன் சேர்ந்தது. தீராமல் நிற்பது மொழிக் குறை. ஜப்பானியம், துருக்கியம், ஹங்கேரியம் உட்படப் பல மொழிகளில் கிடைக்கும் இவ்விளையாட்டு தமிழில் இல்லை. விழாக்களின் சுவையில் பாதி ஊரார் முணுமுணுக்கும் சின்னச்சின்னப் பேச்சுகளில் இருப்பதால், ஆங்கிலத்தைத் தடையின்றி வாசிக்க இயலாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

மற்றவர்கள் தாராளமாக வாங்கலாம். கோடை 28 அன்று கடற்கரைக்குக் கிளம்புமுன், சோளம், கோதுமை, சூரியகாந்தி போன்ற சிலவற்றை விட்டுவிட்டு, பழுத்திருக்கும் மிளகாயையும் புளூபெரியையும் பறித்துவிடுங்கள்.