பைதான் நிரலிலிருந்து எஸ்எஸ்எச்: பாராமிகோவா, ஓபன்எஸ்எஸ்எச் கட்டளையா?

சில சர்வர்களில் ஒரு கட்டளையை ஓட்டி விடையை வாங்கினால் போதும் என்றால், பைதானிலிருந்து வேறு நிரலை ஓட்டும் சப்பிராசஸ் வழியாக எஸ்எஸ்எச் (தொலைவுக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் வழி) கட்டளையையே அழையுங்கள். உங்கள் கான்ஃபிக் கோப்பில் உள்ள சர்வர் பெயர்கள், இடைவழி சர்வர், ஏஜென்ட்டில் (சாவிகளை நினைவில் வைத்திருக்கும் நிரல்) ஏற்றிய சாவி எல்லாம் அப்படியே வேலை செய்யும். எதையும் கேட்காமல் இயங்கச் செய்யும் பேட்ச்மோடை 'யெஸ்' என்று வைப்பது கட்டாயம்; இல்லாவிட்டால் சாவி ஏற்கப்படாத நாளில் கடவுச்சொல் கேட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும். இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரமான கனெக்ட்டைம்அவுட்டுக்கு 10 விநாடி போதும். திரும்பி வரும் எண் 255 என்றால் பெரும்பாலும் இணைப்பில்தான் கோளாறு. வேறு எண் என்றால் அது தொலைவில் ஓடிய கட்டளையுடையது. கடவுச்சொல்லை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் அனுப்பிப் பயனில்லை, எஸ்எஸ்எச் அதை நேரே டெர்மினலில்தான் வாங்கும்.

ஒரே இணைப்பில் பல கட்டளைகள், நடுவே எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் முறை), பிழைக்கேற்ற எக்செப்ஷன் என்று போனால், எஸ்எஸ்எச்சுக்கான பைதான் நூலகமான பாராமிகோதான் சரி. ஆனால் கான்ஃபிக் கோப்பை அது தானாகப் படிக்காது. கணினியில் ஏற்கெனவே பதிந்த ஹோஸ்ட் சாவிகளையும் (சர்வர்களின் அடையாளச் சாவிகள்) நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் தெரிந்த சர்வரைக்கூட மறுக்கும். அந்த மறுப்பைக் கண்டதும் பலர் ஆட்டோஆட்பாலிசி போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறிமுகமில்லாத எந்தச் சர்வரையும் அது கேள்வியின்றி நம்பும். நடுவில் புகுந்தவனும் உங்கள் சர்வராக நடிக்கலாம். லோட் சிஸ்டம் ஹோஸ்ட் கீஸ் என்ற ஒரே வரி போதும்.

பாராமிகோவில் இன்னொன்று: வெளியீடு பெரிதாக இருக்கும்போது, அதைப் படிக்கும் முன்பே எக்ஸிட் ஸ்டேட்டஸை (கட்டளை முடிந்து திரும்பி வரும் எண்) கேட்டால் பஃபர் நிரம்பி இரு பக்கமும் காத்து உறைந்துவிடும். முதலில் வெளியீட்டைப் படித்து முடியுங்கள். ஸ்டாண்டர்ட் எரரும் பெருகும் என்றால் இரண்டையும் தனித்தனி த்ரெட்டில் படியுங்கள்.