எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கற்றல் பெட்டி: உப்புக்கும் மழைக்கும் தாங்கியவை

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்களில் மாலை வகுப்புப் பிள்ளைகளும் பெரியவர்களும் புழங்கிய இயற்கைப் பாதுகாப்புக் கற்றல் பெட்டி பற்றியது இது. உயிரின அட்டைகள், உப்புமானி, தண்ணீரின் தெளிவு பார்க்கும் தட்டு, அமிலத் தன்மை காட்டும் பி.எச். தாள், கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் சொல்லும் ஓத அட்டவணை, சுவரொட்டி, வரைபடம், செல்போன் செயலிகள் எல்லாம் அதில் இருந்தன. வாங்கின புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உப்புக்காற்றும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறும் மழையும் பட்ட பிறகுதான் எது தேறும் என்று தெரியும்.

முதலில் அடி வாங்கியவை அட்டைகள். இங்க்ஜெட்டில் அடித்தவை ஓரத்தில் ஈரம் ஏறியதும் மை கரைந்து போயின, லேசர் பிரிண்ட் நின்றது. லேமினேஷன் உறை 125 மைக்ரானுக்குக் குறைய வேண்டாம். கடைக்காரர் அழகுக்காகத் தாளின் விளிம்போடு ஒட்ட வெட்டித் தருவார். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விடச் சொல்லுங்கள். ஓட்டையும் அந்த விளிம்பில்தான் போட வேண்டும். தாளில் துளையிட்டால் தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே போகும். இரும்பு வளையம் துருப்பிடித்துவிடும், நைலான் டேக் போதும். சேறு காய்ந்த அட்டையைத் துணியால் தேய்த்தால் சாம்பல் துகள் கீறி மங்கலாகிவிடும். நல்ல தண்ணீரில் அலசிய பிறகே துடைக்கணும்.

கடையில் கிடைக்கும் ‘கடல்வாழ் உயிரினங்கள்’ தொகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பவளப்பாறையும் டால்ஃபினும் இருக்கும், காக்கா ஆழி இருக்காது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்து எண்ணூர், பழவேற்காடு நீரில் சேற்றின் மேல் பாய் விரித்ததுபோல் மூடிக்கொள்ளும் இந்தச் சிப்பிதான் இன்று இறால் தடவுபவர் கையில் முதலில் தட்டுப்படுவது. எனவே அட்டையை நாமே தயாரிப்பதுதான் சரி. பச்சை ஆழியையும் காக்கா ஆழியையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பச்சை ஆழியின் ஓட்டு விளிம்பில் பச்சை தெரியும், மற்றது பழுப்பும் கறுப்புமாக இருக்கும், அளவும் சின்னது. மஞ்ச மட்டி, வெண்கண்டல் மரம், உமரிச் செடி, மடவை மீன், கொடுவா மீன் ஆகியவற்றுக்கும் அட்டை போட்டால் பாதி வேலை முடிந்தது.

பெட்டியில் கொடுத்த காசுக்கு உழைத்தது உப்புமானிதான், அதாவது கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர். 0 முதல் 100 வரை காட்டும் வகையை வாங்குங்கள். இரண்டு மூன்று துளி விட்டு மூடியைக் குமிழி இல்லாமல் சாத்தி, அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடுதான் அளவு. உள்ளே இரண்டு அளவுகோல் தெரியும். 1.020 என்பது போல வருவது அடர்த்தி, பிள்ளைகள் அதைப் படித்துவிடுவார்கள். ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற மற்ற கோடுதான் நமக்கு வேண்டும். கடல்நீர் 35-ஐ ஒட்டிக் காட்டும்.

பூஜ்யம் வைப்பதில்தான், அதாவது உப்பில்லாத தண்ணீர் விட்டுக் கோட்டை 0-இல் நிறுத்துவதில்தான், பெரும்பாலும் கெடுகிறது. மீஞ்சூர், மணலி பக்கத்து போர் தண்ணீரால் பூஜ்யம் வைக்காதீர்கள். கடல்நீர் நிலத்தடியில் ஏறிய பகுதி அது, தண்ணீரிலேயே உப்பு இருக்கும். பேட்டரி கடையில் ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று லேபிள் பார்த்து வாங்குங்கள், அதே கடையில் ஆசிட் கேனும் பக்கத்திலேயே இருக்கும். அடுத்தது சூடு. கருவி தானாகச் செய்துகொள்ளும் வெப்பத் திருத்தம் 10 முதல் 30 டிகிரி வரைதான் செல்லும். விடும் துளி சின்னது, கருவியின் சூட்டுக்கே அது வந்துவிடும். மே மாத வெயிலில் படகின் மேல் கிடந்த கருவி சரியாகக் காட்டாது, நிழலில்தான் வைக்கணும். கழுவுகிறேன் என்று முழுதாகத் தண்ணீரில் முக்கினால் கண் வைக்கும் பக்கம் பனி மூட்டம் கட்டிக்கொள்ளும், பிறகு தேறாது.

கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும் நவம்பர், டிசம்பரில் மேல்நீரை மட்டும் பார்த்துவிட்டு ‘உப்பே இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்பு அடியில் நிற்கும். அடிநீர் எடுக்க அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், கழுத்தில் கல், தக்கைக்குத் தனிக் கயிறு போதும். அடிக்கு இறக்கித் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் தக்கை கழன்று அடிநீர் உள்ளே வரும். தக்கையைப் பாதிதான் அழுத்த வேண்டும். இறுகிவிட்டால் சுண்டும்போது பாட்டிலே மேலே வந்துவிடும்.

பி.எச். தாளுக்குக் காசு போடவே வேண்டாம், டப்பா திறந்த சில வாரத்திலேயே நமுத்துவிடும். தெளிவு பார்க்கும் 20 செ.மீ. தட்டு வத்தத்தில், அதாவது நீர் இறங்கியிருக்கும்போது, தரையைத் தொட்ட பிறகும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், அதை அளவாக எழுதக் கூடாது. ஏத்தத்தில், படகின் நிழல் பக்கமாக இறக்கி, மறையும் ஆழத்தையும் மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஓத அட்டவணை சென்னைத் துறைமுகத்துக்கானது. மணல் அடைத்த முகத்துவாரத்தில் தண்ணீர் தாமதித்துத்தான் உள்ளே ஏறும், எவ்வளவு தாமதம் என்பது மணலைப் பொறுத்து மாறும். அதை அங்கேயே பார்க்கச் சவுக்குக் கழியில் பெயின்ட் கோடு போட்டு நட்டால் புழு துளைத்துவிடும். சிமென்ட் நிரப்பிய பி.வி.சி. குழாய் நிற்கும், அதில் ஒட்டும் கொட்டலசு என்ற ஓட்டு உயிரை மட்டும் அவ்வப்போது சுரண்டணும்.

செயலிகளில், படம் பிடித்தால் உயிரினத்தின் பெயர் சொல்லும் ‘சீக்’ பிள்ளைகளுக்கு ஏற்றது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. செடிக்குப் பரவாயில்லை, நண்டுக்கும் சிப்பிக்கும் நம்ப முடியாது. ‘மெர்லின்’ பறவைக் குரலைக் கேட்டுச் சொல்லும், ஆனால் கன்டெய்னர் லாரி போகும் சாலையோரம் அதற்கு ஒன்றும் கேட்காது.

ஆமைச் சுவரொட்டி ஒன்றைக் கழற்றிவிடலாம்: மீன்பிடித் தடைக்காலம் பங்குனி ஆமையைக் காக்கிறது என்று போட்டிருக்கிறது. தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆமை கரையேறி முட்டையிடுவதோ பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஆமை சிக்கும் இழுவலை பற்றிய பாடம் அந்த மாதங்களுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்ப்பது கடலோர ஒழுங்காற்று மண்டல வரைபடம், கரையோர நிலத்தைப் பாதுகாப்பு வகைகளாகப் பிரித்துக் காட்டுவது. ஏத்தக் கோட்டுக்கும் வத்தக் கோட்டுக்கும் நடுவில் உள்ள நிலம் 1பி வகை. அலையாத்திக் காடு 1ஏ வகை. அது 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றி 50 மீட்டருக்கும் பாதுகாப்பு உண்டு. வலை காய வைக்கும் இடம், படகு கட்டும் இடம், மட்டி எடுக்கும் திட்டு எல்லாவற்றையும் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். 1:4000 அளவில் உள்ளதை எடுங்கள், 1 செ.மீ. என்றால் தரையில் 40 மீட்டர், அந்த 50 மீட்டர் ஒன்றேகால் செ.மீ. ஆகும். பிரிண்ட் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ போட்டால் இந்தக் கணக்கே கெட்டுவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லி அடித்து, ஓரத்தில் உள்ள அளவுக் கோட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே லேமினேஷனுக்குக் கொடுங்கள்.